பதினோராவது பேர்

பல்லடம் ரோட்டு மில்லில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் கிருபாசங்கர் ஒருத்தன்தான். பஞ்சு குடோனில் புகை வந்தால் அலாரம் அடிக்கிற புரோகிராமுக்கு, எந்தெந்த குடோனைக் கவனிக்க வேண்டும் என்று ஒரே வரியில் பேர் பேராக எழுதிக் கொடுப்பதும் அவன்தான். அந்த வரி நூற்று இருபத்தேழு எழுத்தைத் தாண்டினால், கம்ப்யூட்டரை ஓட்டுகிற டாஸ் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். புத்தகத்தில் அதை அவன் இன்றைக்குத்தான் படித்தான். போன மாதம் கடைசியாகச் சேர்த்த பதினோராவது பேர், மாசாணியம்மன், புரோகிராமுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவன் மனைவி பிரவீனா கழிவுப் பஞ்சு பிரிப்பது அந்த குடோனில்.

நம்பர் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. குடோனுக்கெல்லாம் சாமி பேர் வைத்து, அதையே புரோகிராமுக்குள்ளும் எழுத வைத்தவர் முதலாளி வெங்கடபதி. அவரிடமே போய்க் கேட்டான்.

"புரோகிராம் எழுதினவரக் கூப்பிட்டு, பேரெல்லாம் கொஞ்சம் சுருக்கச் சொல்லலாமுங்களா?"

"சாமி பேரையா? ஆகற பேச்சாப் பேசு கண்ணு. இப்ப நல்லாத்தான ஓடுது?"

ஓடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாதமாக ஒரு குடோனுக்குக் காவலே இல்லை என்று ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். மனுசன் புத்தி அப்போது எங்கே போகும்? மாசாணியம்மனைத் தூக்கி வரியின் முதலில் போட்டான். கடைசிக்குத் தள்ளப்பட்ட அங்காளம்மன் வெட்டுப்பட்டது. அங்கே உம்மல் குல்சுமும் இன்னும் நாலு பெண்களும் வேலை செய்தார்கள். திங்கட்கிழமை முதலாளியிடம் இன்னொரு தரம் பேசிக்கொள்ளலாம், ரெண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். வெட்கங்கெட்ட சமாதானம்.

அன்றைக்கே மத்தியானம் மூன்று மணிக்கு மேசை போன் அடித்தது.

"ஏனுங்க, நாந்தானுங்க, பிரவீனா. குல்சும் அக்கா இன்னைக்கு வரலீங்க. மேஸ்திரி என்னைய அங்காளம்மனுக்கு அனுப்பிப்போட்டாருங்க. இங்க என்னமோ கருகற வாசம் வருதுங்க."

அவன் திரையைப் பார்த்தான். எல்லாம் சரி என்று பச்சையில் எழுதியிருந்தது.

"இவங்கெல்லாம் வெளிய ஓடலாம்னாங்க. நாந்தான் நிறுத்திப்போட்டேன். எங்க ஊட்டுக்காரர் பாத்துக்கற அலாரம், புகையிருந்தா அடிக்காம இருக்குமா, பேசாம வேலையப் பாருங்கன்னு சொல்லிப்போட்டேனுங்க. சரிதானுங்களே?"