தமிழில் சொன்ன எண்

நொண்டும் மாட்டைக் கசாப்புக்காரன்தான் வாங்குவான் என்று அஞ்சிய வண்டிக்காரன் ஒருவன், அதன் குளம்பில் சேறு பூசிக் காயத்தை மறைத்து, நல்ல மாடென்று நுகத்தில் பூட்டினானாம். மாட்டின்மேல் அவன் வைத்திருந்த அன்பு பொய்யன்று. மேட்டில் ஏறும்போது அது கால் ஒடிந்து விழுந்ததும் பொய்யன்று.

சிட்னியின் மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் அணியின் துணைப் பயிற்சியாளனாக இருந்த தனோஜனும் கெட்டவனல்லன். பந்துக் கூடைகளை நிரப்புவதும், மட்டைகளுக்கு நரம்பு கட்டுவதும், ஆட்டக்காரர்களுக்குப் பந்து எறிந்து கொடுப்பதும் அவன் வேலை. காலையில் இன்னொரு கடமையும் உண்டு. ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து, உடம்பில் வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஓர் எண் சொல்வார்கள். அதை அவன் டேப்லெட்டில் பதிவு செய்வான். ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் அன்று ஆட்டமில்லை. நேரே பிசியோ மருத்துவரிடம் போகவேண்டும். அவர் சரியென்னும்வரை ஆடமுடியாது.

கோயம்புத்தூரிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்த ஹரிப்பிரியா, ஓர் ஆகஸ்டுத் திங்கட்கிழமை, பின்னால் நிற்பவர்கள் கேட்க ஆங்கிலத்தில் நான்கு என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமா ஏழுங்கண்ணா. முதுகுல, இடுப்புக்குக் கொஞ்சம் மேல" என்று தமிழில் சொன்னாள்.

தனோஜன் சிரித்தான். "உங்கட ஊரில எண்ணுக்கும் 'ங்க' போட்டு மரியாதையோ? ஏழெண்டால் ஏழுதான் போடோணும், பிள்ளை."

"போட்டா சனிக்கிழமை செலக்‌ஷன் மேட்ச் போச்சு. டீம்ல இல்லைன்னா ஸ்காலர்ஷிப்பும் இல்ல. ஊருக்கு டிக்கெட் நீங்க எடுத்துத் தருவீங்களா?"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது."

அவன் நான்கு என்றே பதிந்தான்.

அன்றுமுதல் அது வழக்கமாகிவிட்டது. ஊரார் கேட்க ஆங்கிலத்தில் ஓர் எண். அவனுக்கு மட்டும் தமிழில் இன்னோர் எண். வேற்று நாட்டில் ஒருத்தி தன்னை நம்பித் தமிழில் உண்மை சொல்கிறாள் என்பதில் அவனுக்குச் சிறு பெருமைகூட இருந்தது. அந்த உண்மையைக் கேட்டுக்கொள்வதே உதவி என்று நினைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை அவள் எட்டு என்றாள். பதிவில் மூன்று ஏறியது.

சனிக்கிழமை, இரண்டாம் செட்டில், சர்வீஸ் போட முதுகை வளைத்தவள் அப்படியே சரிந்தாள். கத்தவில்லை. அந்த மௌனத்தைக் கண்டுதான் எல்லாரும் ஓடினார்கள்.

வெஸ்ட்மீட் மருத்துவமனையில் மருத்துவர்கள் படமெடுத்துப் பார்த்தார்கள். கீழ் முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். ஓராண்டுக்கு மட்டையைத் தொடக்கூடாது. அதன்பிறகும் உறுதி சொல்வதற்கில்லை.

திங்கட்கிழமை தலைமைப் பயிற்சியாளர் மோனிகா, காலைப் பதிவின் எண்கள் நிரம்பிய ஒரு படிவத்துடன் வந்து கட்டிலருகே அமர்ந்தார். தனோஜன் சுவரோரமாக நின்றான். விதி எளியது. வலியை ஆட்டக்காரர் மறைத்திருந்தால் உதவித்தொகை இரத்தாகும். பயிற்சியாளர் அறிந்தே மறைத்திருந்தால் அவருடைய வேலை போகும். ஆட்டக்காரருக்கு ஒன்றும் ஆகாது. தனோஜனின் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. பிளாக்டவுன் வீட்டில் மனைவி நிரூபாவும் மூன்று வயது மகளும் அந்த விசாவில்தான் இருந்தார்கள்.

"இந்த எண்களெல்லாம் நீ சொன்னவைதானா?" என்று மோனிகா ஆங்கிலத்தில் கேட்டார்.

ஹரிப்பிரியா ஆமென்றாள். பிறகு தனோஜனைப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"நான் உங்களக் காட்டிக் கொடுக்க மாட்டேங்கண்ணா. அப்படிப் போடச் சொன்னதே நான்தான். ஆனா நான் ஏழுன்னதும் எட்டுன்னதும் உங்களுக்குத் தெரியும். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

மோனிகா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

அறையில் ஏதோ ஒரு கருவி சீராக ஒலித்துக்கொண்டிருந்தது.

"வலி தாங்க முடியவில்லையாம்" என்றான் ஆங்கிலத்தில்.

அவளுக்கும் ஆங்கிலம் தெரியும். திரும்பிப் படுக்க முதுகு இடம் தரவில்லை; கண்களை மூடிக்கொண்டாள்.

"பாவம். மொழி தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தது நல்லதாயிற்று" என்ற மோனிகா, படிவத்தின் அடியில் சாட்சி என்றிருந்த கட்டத்தை விரலால் காட்டினார். தனோஜன் குனிந்து கையெழுத்திட்டான்.