இது இன்சூரன்ஸ் இல்லை, வீடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சீஸ் ஆலையில் பால் லாரிக்காரர்களை வருடக்கணக்கில் கட்டி மேய்த்தவளுக்கு வேறு எது வரும்? ஓய்வு பெற்ற பிறகு, என் வழிக்கு யாரும் வராத வரைக்கும் நான் தங்கமான மனுஷி. என் கணவர் அர்மாண்டோ இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அது வேறு கதை.

அந்த வருடம் பாதாம் தோட்டங்கள் பூத்துக் கிடந்த சமயத்தில் எங்கள் சமையலறை போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. வீட்டு போன் எதற்கு, எடுத்துவிடுங்கள் என்று பிள்ளைகள் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனதுதான் மிச்சம். சுவரில் மாட்டிய போனை ஓங்கி வைக்கும் சுகம் கைபேசியில் உண்டா? முதலில் ஒரு ஆள், பழைய பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறேன், மாதம் எவ்வளவு ஆகும் என்றான். எனக்கென்ன தெரியும் என்று வைத்துவிட்டேன். அடுத்து ஒரு பெண், கன்றுக்குட்டிக் கொட்டகையின் தகரம் காற்றில் பறந்து கால்வாயில் கிடக்கிறது என்றாள். போய் எடுத்துக்கொள் என்றேன். பையன் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கப் போகிறான், அதனால் பணம் ஏறுமா என்று கேட்டார் இன்னொருவர்.

"இது இன்சூரன்ஸ் இல்லை, வீடு" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. யார், எவர், எங்கிருந்து என்று அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நான் வைத்துவிடுவேன். ஒரு நாள் இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முழங்கை வரை மாவு. போன் அடித்தது. ஆடுகளுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்று ஒருவர் நிதானமாகக் கேட்டார். ஆட்டுக்கு எதற்கு இன்சூரன்ஸ், வளர்க்கிறவனுக்குத்தான் முதலில் மூளை வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அர்மாண்டோ பேப்பரை இறக்காமலே, "பாவம், அந்த ஆடு இனிமே தூங்காது" என்றார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் தியோலிண்டா அத்தை கூப்பிட்டாள். எண்பதைத் தாண்டியவள், சர்ச்சில் எனக்கு முன்வரிசைக்காரி. எடுத்த எடுப்பிலேயே, "இன்சூரன்ஸ்தானே? மரியாதையாப் பேசுறவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட குடும்மா" என்றாள்.

"அத்தே, நான் இடலீனா. இது என் வீடு."

"நீ எப்போ நெல்சன்கிட்ட வேலைக்குச் சேந்தே?"

"எந்த நெல்சன்?"

"அடியே, நம்ம டுவார்ட்டே வீட்டு நெல்சன். அவன் ஆபீஸ்ல ஒரு சிடுமூஞ்சி உக்காந்துக்கிட்டு, போன் பண்றவங்களையெல்லாம் இது இன்சூரன்ஸே இல்லைன்னு சொல்லி வெரட்டுறாளாம். நம்ம ஊர் ஹால்ல எல்லாரும் இதத்தான் பேசுறாங்க. கடைசில அது நீதானா?"

இந்த நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவன் கார்டில்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, கண்ணாடி இல்லாமலே படித்தேன் என்றாள் பெருமையாக.

நெல்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கம்பெனியின் ஏஜென்டாகப் பதினைந்து வருடம் இருந்தவன். எங்கள் பக்கத்துப் பண்ணைகள், வீடுகள், வண்டிகள் எல்லாம் அவன் கையில்தான் இருந்தன. அந்தக் கம்பெனி பாலிசியைத் தவிர வேறு எதையும் விற்க முடியாது என்பது அவனுக்கு ஒரு குறை. நல்லவர்களுக்கு மோசமான பாலிசியைக் கொடுக்க மனம் வரவில்லை என்று சொல்லிக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெளியே வந்தான். இப்போது சுயமாகத் தொழில்; பல கம்பெனிகளில் எது நல்லதோ அதை எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் பழைய கம்பெனி அவன் கையைக் கட்டித்தான் அனுப்பியது. பழைய போன் நம்பர் அவர்களுக்கே. ஒரு வருடத்துக்குப் பழைய வாடிக்கையாளர் யாரையும் இவனாகக் கூப்பிடக் கூடாது, வா என்று கேட்கக் கூடாது. அவர்களாகத் தேடி வந்தால் வரலாம். ஆக, அவனுக்கு இருந்த ஒரே வாய் அந்தக் கார்டுதான்.

பேக்கரியில் கல்லாப் பக்கத்தில் கார்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்தேன். பச்சைக் கார்டு. மூலையில் ஒரு மாடு, சுற்றிலும் தங்கக் கோடு, நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நெல்சன், அவன் தலைக்கு மேல் வளைவாக ஏதோ பொன்மொழி. கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி எண்கள். கீழ்வரி அவனுடைய புது போன் நம்பர். மேல்வரியில் ஏழு எண்கள்.

அந்த ஏழும் என் வீட்டு போனின் கடைசி ஏழு. உற்றுப் பார்த்தால்தான் பக்கத்தில் பச்சையோடு பச்சையாக 'லைசென்ஸ்' என்று எறும்பு அளவில் எழுதியிருப்பது தெரிந்தது. இன்சூரன்ஸ் விற்க அரசாங்கம் அவனுக்குக் கொடுத்த லைசென்ஸின் எண் அது. எங்கள் ஊரில் பெரிய எழுத்தில் ஏழு எண்ணைப் பார்த்தால் அது போன் நம்பர்தான். முன்னால் ஊர்க் குறியீடு 209 போட்டுக்கொள்ள யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே இருப்பதைச் சுழற்றிவிட்டு, என் வாயில் விழுந்து எழுந்த பிறகு, கீழே இருப்பதைச் சுழற்ற யாருக்குத் துணிச்சல் வரும்?

கார்டும் கையுமாக அவன் ஆபீஸுக்குப் போனேன். டிராக்டர் பாகங்கள் விற்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை. என்னென்ன திட்ட வேண்டும் என்று வண்டியிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். உள்ளே நெல்சன் சுவரிலிருந்து தன் பிள்ளைகளின் படங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சேக்ரமென்டோவில் ஒரு கம்பெனியில் மேசை வேலை இருக்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொல்ல வேண்டுமாம். வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விடலாம் என்று மனைவியும் அழுது முடித்துச் சம்மதித்துவிட்டாளாம்.

"பதினஞ்சு வருஷம் அத்தே" என்றான். "யார் வீட்ல சாவுன்னாலும் போய் நின்னேன். ஒருத்தருக்குக்கூட என்னைக் கூப்பிடணும்னு தோணல. சரி, நம்ம மதிப்பு அவ்வளவுதான்னு விட்டுட்டேன்."

திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கார்டை மேசையில் வைத்து, மேல்வரியில் விரலை வைத்து, இது என் வீட்டு நம்பர் என்றேன். அவன் கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கார்டைப் பார்த்தான். போன் நம்பர் சின்னதாக இருக்கிறது என்று பெரியவர்கள் எப்போதும் குறைப்படுவார்கள், அதனால் பெரிதாகப் போட்டானாம். லைசென்ஸ் எண்ணைப் போன் நம்பரைவிடச் சின்னதாகப் போடக் கூடாது என்பது எங்கள் மாநிலச் சட்டம், அதனால் அதையும் பெரிதாக்கினானாம். மாட்டுக்கு இடம் விட வேண்டுமே என்று அதை மேலே தள்ளினானாம். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அப்போ கூப்பிட்டாங்களா?" என்று கேட்டான், சின்னக் குரலில்.

கூப்பிட்டவர்கள் பேரெல்லாம் எனக்குத் தெரியாது, சொல்ல விட்டால்தானே. கேட்டதை மட்டும் சொன்னேன். தகரம் கால்வாயில் கிடக்கிறது என்றேன். அது க்ரூஸ் வீட்டு மருமகள், அந்தக் கொட்டகையை நல்ல ஆணி போட்டு அடி என்று போன வருடமே சொன்னேன் என்றான். பையன் லைசென்ஸ் என்றேன். அட, அந்தப் பொடியனுக்கு அதற்குள் வயசாகிவிட்டதா என்றான். ஆடு என்று ஆரம்பித்ததுமே, "பிமென்டெல்!" என்று மேசையைத் தட்டினான். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் ஒவ்வொரு வீடாக அடையாளம் கண்டுபிடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். எனக்கும் கண் கலங்கியது. இத்தனை பேருக்கு வேண்டியவனை நான் ஒருத்தி ஊரைவிட்டுத் துரத்தப் பார்த்தேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

உடனே எல்லோரையும் கூப்பிடு என்று போனை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் தொடவில்லை.

"முடியாது அத்தே. அவங்க போன் உங்களுக்குத்தான் வந்துச்சு, எனக்கு வரல. நானாக் கூப்பிட்டா வாக்கு மீறினதாயிடும். அவங்கதான் என்னைக் கூப்பிடணும்."

நேர்மையாக இருப்பவர்களோடு இதுதான் தொல்லை. அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது.

அன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை என்றால் ஊர் ஹாலில் சீட்டாட்டம். பண்ணைக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். சாயங்காலம் நேராகப் போய் நடுவில் நின்றேன். என் குரலுக்கு மைக் எதற்கு?

"நெல்சன் ஆபீஸ்ல ஒரு சிடுமூஞ்சி இருக்கான்னு பேசிக்கிறீங்களே, அது நான்தான். ஆனா அது ஆபீஸ் இல்ல, என் வீடு. கார்டுல மேல இருக்கிறது அவன் லைசென்ஸ். கீழ இருக்கிறதுதான் போன். அவனா உங்களைக் கூப்பிடக் கூடாது, ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க யாரும் கூப்பிடலேன்னா பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் உங்க தகரத்த நீங்களே போய்ப் பொறுக்கிக்கங்க."

மூலை மேசையிலிருந்து, மூளையில்லாத ஆட்டுக்காரனும் கூப்பிடலாமா என்று பிமென்டெல் கேட்டார். ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. அன்றைக்குப் போனில் பேசியது அவ்வளவு பெரிய மனிதர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அசடு வழிந்துகொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு ஒரு கிளாஸ் ஒயின் வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நெல்சன் சேக்ரமென்டோவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். அதைச் சொல்ல நேரம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்ததாம், போன் அப்படி அடித்ததாம். அடுத்த வாரம் புதுக் கார்டு போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாட்டை எடு என்றேன், மாடு உன் இன்சூரன்ஸை வாங்காது. பொன்மொழியை எடு என்றேன், கொட்டகை விழுந்தவனுக்கு எதற்குப் பொன்மொழி? வெள்ளைக் கார்டில் பேர், அதன் கீழே 'கூப்பிட' என்று போட்டுக் கறுப்பில் போன் நம்பர். அதற்கும் கீழே, நன்றாக இடம்விட்டு, 'லைசென்ஸ்' என்ற வார்த்தையும் அதன் எண்ணும் ஒரே அளவில். பின்பக்கம் வெறுமையாக, பேனாவில் எழுதினால் ஒட்டுகிற மாதிரி. படத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றான். பல்லை மூடிய படமாகப் போடு என்று ஒத்துக்கொண்டேன்.

பழைய கார்டு வைத்திருந்தவர்கள் இன்னும் எனக்கே கூப்பிட்டார்கள். "அவன் நம்பர் கீழ்வரியில இருக்கு கண்ணு" என்று நான் சொல்வதைக் கேட்டு, இந்தக் குரலை வாலிபத்தில் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று அர்மாண்டோ கேட்டார்.

கார்டு அச்சாகி வந்த அன்று நெல்சன் ஒரு கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தேன். மழையைப் பற்றிப் பேசினான், பால் விலையைப் பற்றிப் பேசினான், பையனின் பல்லைப் பற்றிக்கூடப் பேசினான். இரண்டு தட்டு சாப்பிட்டான். அம்மாவின் கையைப் பிடிப்பது போல என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அவன் வண்டியில் ஏறும்போது அர்மாண்டோ ஜன்னல் பக்கம் நின்றபடி, "ஏன் இடலீனா, நம்ம வீட்டு இன்சூரன்ஸ் இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

எங்கள் வீடு, கொட்டகை, இரண்டு வண்டி, எல்லாம் பதினைந்து வருடமாக நெல்சன் எழுதிக் கொடுத்தவை. எல்லாம் இன்னும் அந்தப் பழைய கம்பெனியில்தான் கிடந்தன. இத்தனை நாள் என் எதிரே உட்கார்ந்து, என்னைத் திட்டவிட்டு, என் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாது. ஊரையே அவனைக் கூப்பிட வைத்தவளுக்குத் தான் இன்னும் கூப்பிடவில்லை என்பது உறைக்கவில்லை.

புதுக் கார்டை எடுத்து எண்ணைச் சுழற்றினேன். வண்டி வாசல் கேட்டைத் தாண்டுகிற இடத்தில் நின்றது.

"நெல்சன் டுவார்ட்டே இன்சூரன்ஸ், வணக்கம்" என்றான், ஆபீஸ் குரலில்.

"நான் இடலீனா போர்பா பேசுறேன். வீடு, கொட்டகை, ரெண்டு வண்டி இருக்கு. எல்லாத்தையும் உன்கிட்ட மாத்தணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வண்டியின் பின்விளக்கு எரிந்தது, அவன் பின்னோக்கியே எங்கள் வாசல்வரை வந்தான்.