டெய்சிக்கு அவித்த குரக்கன் உருண்டை

தலைமன்னாரில் கப்பல் பாலம் கட்டிக்கொண்டிருந்த எஞ்சினியர்த் துரையின் குசினியில் டொமினிக் ஒன்பது வருஷமாகக் கோக்கி. அந்த ஒன்பது வருஷத்தில் அவருடைய சாப்பாட்டைப் பற்றித் துரை பேசியது இரண்டே இரண்டு: "கொண்டு வா", "கொண்டு போ". ஒரேயொரு "நல்லது" காதில் விழுந்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று டொமினிக் காத்திருந்தார்.

அந்த "நல்லது" வரத்தான் வந்தது. போய்ச் சேர்ந்த இடம்தான் பிழை.

துரையின் நாய் டெய்சிக்கு மயிர் கொட்டி உடம்பெல்லாம் சொறி. மிச்ச இறைச்சிக் கறியை உறைப்போடும் உப்போடும் அள்ளி வைத்து அதை அந்தக் கோலத்துக்குக் கொண்டு வந்தவர் டொமினிக்தான். அதை உபசாரம் என்றே நினைத்திருந்தார். பங்களாவுக்கு மிளகாய் இடிக்க வரும் அவர் மனைவி மாக்கிறட் பார்த்தாள். முள் நீக்கிய பாரை மீன், குரக்கன் மா, ஒரு பிடி முருங்கையிலை. பிசைந்து, உருட்டி, ஆவியில் அவித்துக் கொண்டு வந்தாள். உப்பில்லை, புளியில்லை. டொமினிக்கைக் கேட்டால் அது சமையலே இல்லை.

ஒன்றரை மாதத்தில் டெய்சி பளபளத்தது. துரை மாக்கிறட்டை விறாந்தைக்குக் கூப்பிட்டு, கதிரை போடச் சொல்லி, தன் கொச்சைத் தமிழில் "நல்லது, மிக நல்லது" என்றார். ஒரே மூச்சில் இரண்டு. கதிரையைத் தூக்கி வந்து போட்டவர் டொமினிக்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியைக் கண்டாலும் எரிந்தது, நாயைக் கண்டாலும் எரிந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தானே தொடங்கினார். பாரை மீனோடு கோழி ஈரல், முட்டை மஞ்சட்கரு; அவித்ததோடு விடாமல் தணலில் வாட்டி மொறுமொறுப்பாக்கினார். கவர்னர் வந்தாலும் இப்படி மினக்கெட்டிருக்க மாட்டார். புதுப் பண்டம் ஒன்று செய்திருப்பதாகத் துரைக்குச் சொல்லிவிட்டார். யாருக்கென்று சொல்லவில்லை, டெய்சி தின்னும்போது துரை கண்ணாலேயே காணட்டும் என்றிருந்தார். தட்டோடு அவர் விறாந்தைக்குப் போக, துரையும் வந்து நின்றார்.

நாய்க்கு வைக்குமுன் எதையும் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது மாக்கிறட்டின் வழக்கம். டெய்சியின் பக்கத்தில் நின்றவள் தட்டை வாங்கிக் கிள்ளினாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

டொமினிக்குக்கு விளங்கிவிட்டது. முப்பது வருஷம் உப்புப் போட்ட கை. போடாதே என்று தலைக்குச் சொல்லிவைத்தவர், கைக்குச் சொல்ல மறந்துபோனார். இது வெளியே வந்தால், முதல் வந்த சொறி யாருடைய கைவண்ணம் என்பதும் கூடவே வரும். பிறகு குசினியும் இல்லை, துரையும் இல்லை.

மாக்கிறட் தட்டை டெய்சியின் மூக்குக்கு எட்டாமல் தூக்கினாள்.

"துரை, இது நாய்க்கில்லை. இவர் உங்கட தேத்தண்ணிக்கெண்டு செய்தவர். சொல்ல வெக்கப்படுறார்."

துரை ஒன்றைக் கடித்தார். இன்னொன்றை எடுத்தார். "நல்லது, டொமினிக்," என்றார்.

ஒன்பது வருஷம் காத்திருந்த சொல். அதையும் அவள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பின்னேரம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம், ஏன் அப்படிச் சொன்னாய் என்று டொமினிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"வேறென்ன செய்யச் சொல்லுறியள்? நாய்க்கு உப்பைக் குடுக்கவோ, துரையிட்ட உங்களைக் காட்டிக் குடுக்கவோ?"

அவள் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனதும், டெய்சிக்கு அவள் வைத்திருந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். உப்பில்லை. புளியில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். டெய்சி உறுமியது.