பழைய இருபத்துநாலு

அந்த ஆஸ்பத்திரியின் உள் போன்களையெல்லாம் இணைக்கும் டெலிபோன் பெட்டிக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். ஒரே நம்பரை இரண்டு இடத்துக்குக் கொடுக்க அது செத்தாலும் சம்மதிக்காது. தரைத்தளத்து ரத்த வங்கியின் இருபத்துநாலையும் அடித்தளத்துச் சலவைக்கூடத்தின் முப்பத்தொன்றையும் மாற்றிப் போட வேண்டுமானால், முதலில் ஒன்றைத் தூக்கித் தொண்ணூற்றொன்பதில் தற்காலிகமாக உட்கார வைக்க வேண்டும். இதெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் போன்காரருக்குத் தண்ணி பட்ட பாடு. அடித்தளத்துக்கெல்லாம் இரண்டில் தொடங்கும் நம்பர், தரைத்தளத்துக்கெல்லாம் மூன்றில் தொடங்கும் நம்பர் என்று புது மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். நம்பர் வரிசையாக இருந்தால் நோய் சீக்கிரம் குணமாகுமோ என்னவோ!

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றி முடித்துவிட்டு, புதுப் பட்டியலை அறை அறையாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். இரண்டாவது மாடி ஆபரேஷன் தியேட்டருக்குள் மட்டும் அவரை விடவில்லை. வாசலில் செருப்பு அலமாரியின் மேல் பட்டியலை வைத்து, பறக்காமல் இருக்க யாருடையதோ ஒரு செருப்பையும் அதன்மேல் வைத்தார். வெளியே வருகிறவர்கள் பார்க்காமலா போவார்கள் என்று நினைத்தார். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வந்தால்தானே பார்க்க!

அடித்தளத்தில் சலவைக்கூடத்துப் போனில் '24' என்று அவர் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோதே அது அடித்தது. துவைக்கும் மெஷின்களின் இரைச்சலில் அங்கே யாரும் போனைச் சட்டை செய்வதில்லை. ஆபரேட்டர் அக்காதான் புது நம்பரைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று போன்காரரே சிரித்துக்கொண்டே எடுத்தார்.

"தியேட்டர். அந்தப் பிரசவக் கேஸுக்கு எடுத்து வச்ச ரெண்டு யூனிட்டும் உடனே வேணும். ரத்தம் நிக்கல."

வைத்துவிட்டாள் நர்ஸ். தியேட்டரின் வழக்கமே அது. இருபத்துநாலை அழுத்துவார்கள், எடுத்த சத்தம் கேட்டதும் சொல்லிவிட்டு வைப்பார்கள். அந்தப் பக்கம் யார் என்று கேட்டதே கிடையாது, கேட்க வேண்டி வந்ததும் இல்லை.

போன்காரர் உடனே தியேட்டருக்குத் திருப்பி அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. முப்பத்தொன்றை அடித்தார். எங்கேஜ். மறுபடி அடித்தார், மறுபடியும் எங்கேஜ். ரத்தம் கேட்டாயிற்று என்று மேலே நிம்மதியாக இருப்பார்கள். கேட்டது ரத்த வங்கிக்குத் தெரியவே தெரியாது. உலகத்திலேயே அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஈரத் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். ரிசீவரைத் தொங்கவிட்டு ஓடினார்.

ரத்த வங்கிக்காரர் போனில்தான் இருந்தார். என்னைக் கேட்காமல் என் நம்பரை மாற்ற இவர்கள் யார் என்று ஆபரேட்டர் அக்காவைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். போன்காரர் கையை நீட்டிக் கனெக்‌ஷனைத் துண்டித்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார்.

வங்கிக்காரர் அசையவில்லை. வார்டு ஆள் சீட்டோடு வர வேண்டும், இல்லையென்றால் தியேட்டரே சொல்ல வேண்டும்; ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறவனிடம் ரத்தம் கொடுக்க இதென்ன கடையா என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் போன்காரருக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"என்கிட்ட தர வேணாம் சார். நீங்களே எடுத்துட்டு வாங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

வங்கிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். தானே தியேட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தார். பத்துத் தடவை மணி அடித்தும் எடுக்கவில்லை. தியேட்டரில் இருக்கிற எல்லாக் கையும் எப்போது ஒரே இடத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மறுபேச்சுப் பேசாமல் குளிர்பெட்டியைத் திறந்தார், பெயரையும் குரூப்பையும் இரண்டு தடவை சரிபார்த்தார், அறையைப் பூட்டினார். லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றிருந்ததால் படியேறினார்கள். கனத்த உடம்பு அவருக்கு. படியில் பாதியிலேயே இரைத்தது. பின்னாலிருந்து போன்காரர் அவர் முதுகில் கைகொடுத்துத் தள்ளினார்.

தியேட்டர் கதவு அரைச் சாணுக்குத் திறந்தது. இவ்வளவு நேரமா என்று நர்ஸ் சீறினாள், பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள், கதவு சாத்திக்கொண்டது. போன்காரர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். கையிலேயே இருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்தார். வங்கிக்காரர் பூட்டிய அறை நினைவு வந்து திரும்பிப் போனார்.

கால் மணி நேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ரத்தப்போக்கு குறைந்திருக்கிறது, இன்னும் நிற்கவில்லை, குழந்தை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது எதிர் பெஞ்சில் இருந்த இளைஞனிடம். அந்தப் பெண்ணின் புருஷன் அவன். இருவரும் படியேறி வந்ததை முதலிலிருந்து பார்த்தவன். நேரே போன்காரரிடம் வந்து இரண்டு கையையும் கூப்பினான்.

"நீங்க ஓடி வரலைன்னா என்ன ஆயிருக்குமோ அண்ணே."

சும்மா தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? போன்காரருக்கு அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை.

"லேட்டானதே என்னாலதான் தம்பி. ரத்த வங்கி நம்பரை மாத்தினது நான். உள்ள இருக்கறவங்ககிட்ட சொல்லாமலே மாத்திட்டேன்."

கூப்பிய கைகள் பிரிந்தன. அவன் அடிப்பான் என்றே போன்காரர் நினைத்தார், அடித்தால் வாங்கிக்கொள்வதாகவும் இருந்தார். அவன் தியேட்டர் கதவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். தாடை இறுகியிருந்தது.

"உங்களை அப்புறம் வச்சுக்கறேன். இன்னும் நிக்கலையாம். மறுபடியும் ரத்தம் கேப்பாங்க இல்ல? இன்னும் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

போன்காரர் எழுந்து, பழைய இருபத்துநாலை ரத்த வங்கிக்கே திருப்பிப் போட, வந்ததைவிட வேகமாகப் படியிறங்கினார்.