பேட்டரியின் மேல் குற்றமில்லை

கல்பகத்தின் கார் மூன்றாவது முறையாக நின்றுபோனது கச்சிபௌலியில், அலுவலக நிறுத்துமிடத்தில். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. செக்யூரிட்டிகள் இரண்டு பேரும், அவளோடு வேலை பார்க்கும் ஆண்டனியும் தள்ளினார்கள். ஆண்டனி தூத்துக்குடிக்காரன். போன வாரமும் அவன்தான் தள்ளினான்.

“பேட்டரிய மாத்திருங்கக்கா.”

“மாத்தியாச்சு ஆண்டனி. ரெண்டு தடவை.”

அவன் பின்பக்கம் போய்த் தள்ளினான்.

கல்பகம் அதுவரை கம்பெனி பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். ஹப்சிகுடா வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தது இரண்டாயிரத்து நான்காம் வருஷம், மழை தொடங்கியபோது. காரும் மழையோடு சேர்ந்தே மக்கர் செய்ய ஆரம்பித்தது.

அவள் கணவர் உமாசங்கர் மல்லாபூரில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. எந்தப் பொருள் கெட்டாலும் அதை விற்றவரிடம் போய்ச் சத்தம் போடுவது அவர் முறை. புதிதாக வாங்கிப் போட்ட பேட்டரி சில நாட்களில் படுத்துவிட்டதும், கடைக்காரர் ரங்கா ரெட்டியின் முன்னால் நின்று, “டூப்ளிகேட் சரக்கு விக்கறீங்க” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ரங்கா ரெட்டி வேறொரு பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். அதுவும் படுத்தது.

பிறகுதான் காரைத் தார்நாகாவிலிருந்த அப்துல் காதரிடம் கொண்டுபோனார்கள். அவர் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர். அவருடைய தாத்தா வாணியம்பாடியிலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவர். குடும்பம் தமிழை விடவில்லை. கூடவே இந்த ஊர் உருதுப் பேச்சும் வந்து ஒட்டிக்கொண்டது.

“வண்டி ஓடுறப்ப செவப்பு பேட்டரி லைட் எரியுதா சார்?”

“எரியவே எரியாது” என்றார் உமாசங்கர், பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்வதுபோல.

அப்துல் காதர் பானெட்டைத் திறந்து, உதவிக்கு இருந்தவரை ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதிக்கச் சொல்லி, பேட்டரியில் மீட்டரை வைத்தார். பதினாலு வோல்ட். “ஹவ், ஆமா, சார்ஜ் ஆவுது சார். ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு. பேட்டரியதான் பாக்கணும்.”

உமாசங்கர் மறுபடி ரங்கா ரெட்டியிடம் போவதற்குத் தயாரானார். கல்பகம் தடுத்தாள். அடுத்தடுத்து இரண்டு பேட்டரியும் ஒரே மாதிரி கெட்டுப்போகும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. கோட்டி கடைத்தெருவுக்குப் போய்த் தனக்கென்று ஒரு மீட்டர் வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுக்ககத்தின் கீழே, வண்டியை ஸ்டார்ட் செய்து அப்படியே ஓடவிட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு. கொஞ்ச நேரம் கழித்து, சார்ஜ் ஏறாமல், அதற்கும் கீழே இறங்கியது. காய்கறி வாங்கிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் பானெட்டை மூடி, காரைத் தார்நாகாவுக்கு விட்டாள்.

“இன்னிக்கு யாரும் மிதிக்க வேணாம் பாய். சும்மா ஓடட்டும். இப்ப பாருங்க.”

அவர் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு. கையை நீட்டி இன்ஜினை ஒரு முறை உறும விட்டார். பதினாலு. விட்ட பிறகும் பதினாலிலேயே நின்றது. வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தார். பன்னிரண்டு.

“வேகமா சுத்தினாதான் முழிக்குது. நீங்க மிதிக்கவே மாட்டீங்களா மேடம்?”

“பெட்ரோல் குடிக்கும்னு சொல்லி அவர் அப்படித்தான் ஓட்டக் கத்துக் கொடுத்தாரு.”

அப்துல் காதர் உள்ளே உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினார். ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்த முகப்பில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பேட்டரி விளக்கு எரியவில்லை.

“இது இப்ப எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே எரியாதுன்னு சார் சொன்னப்ப, கைக்கு, ஏன் எரியாதுன்னு நான் கேட்டிருக்கணும்.”

முகப்பைக் கழற்றினார். பல்பு கெட்டுப்போகவில்லை. அங்கே பல்பே இல்லை. அது இருக்க வேண்டிய ஓட்டை சுத்தமாக இருந்தது.

“இந்த பல்பு வழியாத்தான் ஆல்டர்னேட்டருக்கு மொதல் கரண்ட்டு போவுது மேடம். அது போனாதான் சார்ஜ் பண்ணும். போகலேன்னா தூங்கிட்டே சுத்தும்.”

ஒரு சின்ன பல்பைப் பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பாக எரிந்தது. ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. யாரும் மிதிக்காமலே மீட்டர் பதினாலைக் காட்டியது. கல்பகத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வரும் வரை.

“அந்த பல்பா?” என்றார் உமாசங்கர், செய்தித்தாளை மடிக்காமல். “நான்தான் நாச்சாரத்துல ஒரு மெக்கானிக்கிட்ட சொல்லிக் கழட்டினேன்.”

“எதுக்கு?”

“நீ கத்துக்கிட்டிருந்தப்ப சிக்னலுக்கு சிக்னல் வண்டி ஆஃப் ஆகும். ஆனதும் அந்த லைட் எரியும். நீ ஸ்டீயரிங்கை விட்டுட்டு ‘செவப்பு, செவப்பு’ன்னு கத்துவ. பின்னாடி பஸ் நிக்கும். அதான்.”

கல்பகம் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நாட்களில் ஒரு வாரம் திடீரென்று பயம் விட்டுப்போனதும், அன்று ராத்திரி திருச்சிக்கு போன் போட்டு அம்மாவிடம் பெருமையடித்ததும்தான் நினைவுக்கு வந்தன.

“அப்ப எனக்கு தைரியம் வந்தது அந்த பல்பாலயா?”

“பல்பு இல்லாததால” என்று திருத்தினார் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி.

“பேட்டரி செத்துச் செத்து நின்னப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“லைட்டுக்கும் சார்ஜுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்? அதுவுமில்லாம, நீ நல்லா ஓட்டிக்கிட்டிருந்த. அதைப் போய் எப்படிச் சொல்றது?”

அவர் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிந்தது. அதனால் சண்டை போடுவதும் கஷ்டமாயிற்று. எழுந்து கார் சாவியை எடுத்தாள்.

“சட்டைய மாத்துங்க. ரங்கா ரெட்டி கடைக்குப் போறோம்.”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.”

“திறந்துதான் இருக்கு. வர்றப்ப பாத்தேன்.”

அவர்கள் இறங்குவதைப் பார்த்ததுமே ரங்கா ரெட்டி எழுந்து, அலமாரியிலிருந்து இன்னொரு பேட்டரியைத் தூக்கப் போனார். உமாசங்கர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு தமக்குத் தெரிந்த தெலுங்கில் பல்பின் கதையை முழுக்கச் சொன்னார். குரல் தெருவுக்கு எட்டவில்லை. கல்பகம் பக்கத்தில் நின்று, “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றாள். சொன்னார். பக்கத்து டீக்கடையில் நின்றவர்களும் கேட்டார்கள்.

“பர்லேது சார்” என்று தெலுங்கிலேயே பரவாயில்லை சொன்னார் ரங்கா ரெட்டி. மூன்று டீக்கும் சொன்னார்.

மறுநாள் காலை கல்பகம் கிளம்பும்போது உமாசங்கர் தம் ஸ்கூட்டரின் பக்கம் போகாமல் கார் கதவைத் திறந்து உட்கார்ந்தார். “என்னை மல்லாபூர்ல விட்டுட்டுப் போறியா?”

மல்லாபூர் எதிர்த்திசை. அவள் நேரத்தைப் பார்த்தாள். சரி என்றாள். நாச்சாரத்துக்கு முன்னால் ஒரு லாரியை முந்துவதற்காக அவள் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்தபோது, உமாசங்கர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பித் தொழிற்சாலைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார்.