அப்பாவு நகர்த்திய முக்கோணம்

அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்து நிற்கும் அந்த நாலு மாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடி நிவேதிதா என்ன வேலை பார்க்கிறாள் என்பது ஆறு வருடமாக யாருக்கும் பிடிபடவில்லை. கணக்குப் பேராசிரியை என்று கதவில் பலகை இருக்கிறது. கணக்கு டீச்சர் என்றால் சாயந்திரம் நாலு பிள்ளைகளாவது நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேற வேண்டாமா? ஒருத்தரும் ஏறியதில்லை. வாரத்தில் மூன்று நாள் நகரத்துக்குள் இருக்கும் கணித நிலையத்துக்குப் போவாள். மீதி நாளில் பால்கனியில் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பாள். அதற்கும் சம்பளம் உண்டாம்.

தரைத்தளத்து வனஜா இதை இப்படியே விட்டுவிடக்கூடிய ஆள் இல்லை. மற்ற வீடுகளின் குப்பையில் காய்கறித் தோல் இருக்கும். மூன்றாவது மாடிக் குப்பையில் அட்டைத் துண்டுகள் இருந்தன. முக்கோணங்கள், ஐங்கோணங்கள், பாதி ஒட்டிப் பாதி வாய் பிளந்த கூடுகள். குப்பை வண்டி வருவதற்குள் அவற்றையெல்லாம் ஆராய்ந்த வனஜா, இரண்டு நாள் யோசனைக்குப் பிறகு தீர்ப்புச் சொன்னாள். குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி வாங்காமல் வீட்டுக்குள்ளேயே கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்து விற்கிறார்கள். இரண்டாவது மாடி ஆக்னஸ் படிக்கட்டில் நிவேதிதாவை நிறுத்தி, பெரிய சைஸ் என்ன விலை என்றே கேட்டுவிட்டாள். விற்பதற்கு இல்லை என்று நிவேதிதா சிரித்தாள். விலையை ஏற்றத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று ஆக்னஸ் முடிவு செய்துகொண்டாள்.

உண்மை இதைவிடச் சாதாரணமானது. அதனால்தான் யாரும் நம்பவில்லை. ஸ்வீட் கடை அட்டைப் பெட்டியின் ஓரங்களை வெட்டிப் பிரித்தால், ஒரே துண்டாகத் தட்டையாக விழும். பெட்டிக்கு ஆறு முகம்தான். அறுபது முகம், அறுநூறு முகம் என்று போனால்? எங்கும் குழிவிழாமல், தட்டையான முகங்களால் மூடிய எந்த உருவத்தையும் ஓரங்களில் மட்டும் வெட்டி, ஒரு முகத்தின் மேல் இன்னொன்று ஏறாமல், ஒரே துண்டாக விரித்துவிட முடியுமா? இதுவரை யார் கொண்டுவந்த உருவமும் எப்படியோ விரிந்துகொடுத்திருக்கிறது. எப்போதும் விரியும் என்று நிரூபித்தவர் கிடையாது. விரியாத ஒன்றைக் காட்டியவரும் கிடையாது. ஐந்நூறு வருடமாக இப்படியே கிடக்கிறது. அரசாங்க ஆபீஸில்கூட ஒரு ஃபைல் அவ்வளவு நாள் கிடக்காது.

இந்த உருவங்களுக்குப் பன்முகி என்று பெயர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பெர்லினில் போய்ப் பன்முகிகளிலேயே டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பிய நிவேதிதா, பதினொரு வருடம் இந்த ஒரு கேள்வியோடு குடும்பம் நடத்தினாள். எல்லாவற்றுக்கும் விடை சொல்ல அவள் ஆசைப்படவில்லை. மேலே போகப் போகக் குறுகும் ஒரு வகைப் பன்முகியை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தெந்த ஓரத்தை வெட்ட வேண்டும் என்று ஒரு விதி கண்டுபிடித்தாள். அந்த விதிப்படி வெட்டினால் அந்த வகை முழுக்க இடிக்காமல் விரியும் என்று நாற்பது பக்கத்தில் நிரூபணம் எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினாள். இரண்டு நிபுணர்கள் மூன்று வருடம் அதைத் துருவிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். ஜனவரியில் அச்சாகிறது.

அதே ஜனவரியில் நிலையத்தில் முழுப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இணைப் பேராசிரியையாகவே நாற்பத்தேழு வயதைத் தொட்டவளுக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை, வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் சிறியது என்றார்கள். இரண்டாவது முறை அதுகூடச் சொல்லவில்லை. இந்தத் தடவை நாற்பது பக்கம் கையில் இருந்தது. சாஃப்ட்வேர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் அவள் கணவன் ராகவன், காதில் மாட்டிய ஹெட்போனை எந்நேரமும் கழற்றாதவன், அவனே கழற்றிவிட்டு, இந்த முறை கிடைத்துவிடும் என்றான்.

நேர்காணலில் ஒரு சொற்பொழிவும் உண்டு. கடைசி வரிசைக்கும் தெரியும்படி மூன்றடி அகல அட்டையில் ஒரு பன்முகியை விரித்துக் காட்டி, எல்லார் முன்னாலும் மடித்து மூட வேண்டும் என்று நிவேதிதாவுக்கு ஆசை. அவ்வளவு பெரிதாகக் கையால் வெட்ட முடியாது. அப்போதுதான் வனஜாவின் கணவர் அப்பாவு ஞாபகத்துக்கு வந்தார்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அப்பாவுவுக்கு ஒரு சின்னப் பட்டறை. பிஸ்கட், மருந்து, ஸ்வீட் என்று எந்தப் பெட்டிக்கும் முதலில் ஒரு பலகை செய்ய வேண்டும். வெட்டுகிற கோட்டில் கத்தித் தகடும், மடிக்கிற கோட்டில் மழுங்கின தகடும் அதில் நட்டு, அட்டையை மேலே வைத்து அழுத்தினால் பெட்டி தயார். டை என்பார்கள். முப்பது வருடமாக அப்பாவு டை போடுகிறார். நாலே நாலு அட்டைக்காக யாரும் டை போட மாட்டார்கள். ஆனால் ஸ்டார் மர்மத்தை உடைத்தே தீருவது என்றிருந்த வனஜா விடவில்லை. நிவேதிதா வரைபடத்தைப் பென்டிரைவில் கொடுத்தாள். ஒரு வாரத்தில் நாலு அட்டைகள் மாடிக்கு வந்தன.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை. ஒரு அட்டையை எடுத்து மடித்தாள். கடைசி முகம் போய் உட்கார்ந்தபோது ஓர் இடுக்குக்கூட இல்லை. சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு சொற்பொழிவுக்குப் பழகிக்கொள்ள அதைப் பிரித்து விரித்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. வலது பக்கம் நீளமாக, ஒல்லியாக ஒரு முக்கோணம். அவள் படத்தில் அது மேலே இருந்த முகத்தில் தொங்கும். அட்டையில் பக்கத்து முகத்தில் தொங்கியது. மடித்தால் இரண்டும் ஒன்றுதான். விரித்தால் ஒன்றல்ல. இன்னொரு அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே.

அப்பாவு ஏதோ மாற்றி வெட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஏன் மாற்ற வேண்டும் என்று யோசித்தபடி கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த மூலையைப் பெரிதாக்கினாள். இதுவரை ஒரே கோடாகத் தெரிந்தது பெரிதாக்கப் பெரிதாக்க இரண்டு கோடுகளாகப் பிரிந்தது. ஒன்று மற்றொன்றைத் தாண்டிப் போயிருந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்து எஸ்டேட்டுக்குப் போனாள். பட்டறையில் அப்பாவு பலகையில் தகடு நட்டுக்கொண்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டு, அட்டை நல்லா வந்ததா என்று கேட்டார். அந்த முக்கோணத்தைப் பற்றி அவள் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"படம் தப்புன்னு சொல்லலம்மா. ரெண்டு கோடு ரெண்டு மில்லி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு இருந்திச்சு. ஒரு கத்தி நிக்கற எடத்துல இன்னொரு கத்தி எப்டி நிக்கும்? அதான் அத்தப் புட்டு அந்தாண்ட ஓரத்துல ஒட்ட வச்சிட்டேன். மடிச்சா எல்லாம் ஒண்ணுதானே?"

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"பார்ட்டிகிட்டப் போயி உன் படம் தப்புன்னு யாருனா சொல்லுவாங்களா? நாங்களே சரி பண்ணிக்குவோம். எஸ்டேட்ல அல்லாரும் அப்டித்தான்."

பத்திரிகை நிபுணர்களுக்குத் தப்பு கண்டுபிடிப்பதுதான் தொழில். மூன்று வருடம் பார்த்தும் அகப்படாதது, தப்பைச் சொல்வதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மனிதரின் கத்தி முனையில் அகப்பட்டது. நிவேதிதா டீயை முழுதும் குடித்தாள். அவள் விதிப்படி வெட்டினால் எப்போதும் இடிக்காது என்பதுதானே நாற்பது பக்கமும். இதோ, ஓரிடத்தில் இடிக்கிறது. ஒன்பதாயிரம் பன்முகிகளைக் கம்ப்யூட்டரில் சோதித்திருக்கிறாள். இத்தனை ஒல்லியான முகம் ஒன்றிலும் வரவில்லை. பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று சொற்பொழிவுக்காகத் தானே செதுக்கிய பன்முகி இது. அவள் தொழிலில் ஒன்பதாயிரம் ஆமாம்கள் சேர்ந்தாலும் ஓர் இல்லைக்கு ஈடாகாது.

மத்தியானம் சாப்பிடும்போது ராகவனிடம் சொன்னாள். அவன் நிதானமாக யோசித்தான். கெட்டவன் இல்லை, காரியவாதி. கட்டுரை அச்சாகட்டும், நேர்காணல் முடியட்டும், பிப்ரவரியில் திருத்தம் என்று ஒரு பக்கம் அனுப்பினால் போதும், எத்தனையோ பேர் அப்படிச் செய்கிறார்கள் என்றான். இரண்டு மில்லிமீட்டரை உலகத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

"அப்பாவு அண்ணனுக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும்னு அவருக்கே தெரியாதே, நிவி."

அவள் பால்கனிக்குப் போனாள். ஏரியில் நாமக்கோழிகள் முங்கி எழுந்தன. பதினொரு வருடம், நாற்பது பக்கம், மூன்றாவது முறை. இந்தத் தடவையும் தவறினால் அடுத்தது எப்போதோ. பேசாமல் இருந்தால் பதவி உண்டு. ஆனால் கடைசி வரிசைக்கும் தெரியும்படி எந்த அட்டையை விரித்துக் காட்டுவாள்? தன் படத்தை வெட்டவே முடியாது. அப்பாவுவின் படம் தன் விதி இல்லை.

நாலு பத்துக்குப் பத்திரிகை ஆசிரியருக்கு மின்னஞ்சல் போனது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று மூன்று வரி. கூடவே அந்த மூலையின் படம். கண்டுபிடித்தவர் என்று அப்பாவுவின் பெயர். நிலையத்து இயக்குநருக்கும் ஒரு நகல்.

வனஜாவின் வாய்க்குப் பயந்துதான் அவள் உண்மையைச் சொன்னாள் என்று பிற்பாடு இரண்டாவது மாடியில் பேசிக்கொண்டார்கள். அது நியாயமில்லை. மின்னஞ்சல் போனது நாலு பத்துக்கு. அப்பாவு வீடு திரும்பியது ஏழரைக்கு. வனஜாவுக்குத் தெரிய எப்படிப் பார்த்தாலும் ஏழு முப்பத்தைந்து ஆகியிருக்கும்.

பத்து நாளில் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. முக்கியமான கட்டுரை திரும்பப் பெறப்பட்டதால் இந்த ஆண்டு விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது என்றது. உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம் என்று கீழே ஒரு வரி. அன்று ராகவன் ஹெட்போனை மாட்டவே இல்லை. ஆபீஸிலிருந்து யார் யாரோ கூப்பிட்டும் எடுக்காமல், அவளுக்கு எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வனஜா ஒரு தட்டு வடையோடு மாடியேறினாள். துக்கம் விசாரிக்கிற முகம். பின்னாலேயே அப்பாவு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தன் ஊட்டுக்காரர் சும்மா இருக்காமல் கை வைத்ததால்தான் இத்தனையும் என்று வனஜா தொடங்கினாள். அதில் வருத்தம் கொஞ்சம், பெருமை மிச்சம். அப்பாவு தரையைப் பார்த்துக்கொண்டு, படத்தை அப்படியே வெட்டிக் கொடுத்திருக்கலாம் என்று முணுமுணுத்தார்.

"அப்படியே வெட்ட முடியாதேண்ணே. ஒரு கத்தி மேல இன்னொரு கத்தி நிக்காதே," என்றாள் நிவேதிதா. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு, சிரிப்பு அடங்கினதும், ரொம்ப நாளாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்றிருந்தவள் போலக் கேட்டாள். "எங்க நகர்த்தினாலும் இடிக்குதுன்னு ஒரு பெட்டி உங்களுக்கு வந்திருக்காண்ணே?"

அப்பாவு வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு யோசித்தார். "முப்பது வருசத்துல அப்டி ஒண்ணும் வந்ததில்லமா. எங்கனா ஒரு எடம் கெடச்சிரும்."

"இனிமேயும் வராதா?"

"அத்த எப்டிமா சொல்றது? இதுவரைக்கும் வந்ததில்ல. அவ்ளோதான்."

ஐந்நூறு வருடமாக உலகத்துக் கணக்குப் புலிகள் எல்லாம் சேர்ந்து எழுதி வைத்திருப்பதும் அவ்வளவுதான். நிவேதிதா உள்ளே போய் நோட்டும் கத்தரிக்கோலும் எடுத்து வந்தாள். இடிக்கிறது என்று தெரிந்ததும் எந்த ஓரத்துக்கு நகர்த்துவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள், ஏன் அந்தாண்ட ஓரம், இந்தாண்ட ஏன் இல்லை என்று கேட்டாள். இதையெல்லாம் இதுவரை யாரும் அப்பாவுவிடம் கேட்டதில்லை. அவர் நாற்காலி நுனியிலிருந்து நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த அட்டையை முழங்கால் மேல் விரித்தார்.

துக்கம் விசாரிக்க வந்த வனஜா ஒன்றேகால் மணி நேரம் முக்கோணம் கேட்டாள். வடை ஆறிப்போனது. மறுநாள் காலை குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மூன்றாவது மாடியும் தரைத்தளமும் இனிமேல் பார்ட்னர்ஷிப்பாம். ஆக்னஸ் பெரிய சைஸில் இரண்டு ஸ்டார் சொல்லி வைத்தாள்.