விருந்து சமைத்தால் புகையும் வகுப்பறை

அபர்டீனுக்கு வடக்கே அந்தக் கடலோரச் சிற்றூரில் குருமனையும் பள்ளிக்கூடமும் ஒரே கூரையின் கீழ் ஒட்டிப் பிறந்த இரட்டையர். கிழக்குப் பாதியில் குருவானவர் ஓகில்வி. மேற்குப் பாதியில் டீச்சர் கிரிசெலும் அவளிடம் படிக்கும் பிள்ளைகளும். நடுவே கனத்த கல்சுவர். சுவரின் இந்தப் பக்கம் வகுப்பறைக் கணப்பு, அந்தப் பக்கம் குருமனைச் சமையலறை அடுப்பு. குருவானவர் மழையில் நனையாமல் வேதபாடம் எடுக்க வருவதற்காகச் சுவரில் ஒரு கதவும் உண்டு.

புதுக் கட்டடம். ஜன்னல்கள் அத்தனை இறுக்கம். "ஊசி நுழைஞ்சாலும் காத்து நுழையாது" என்று ஓகில்வி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

கிரிசெலின் கவலையோ புகை. போன வருஷம் பள்ளி ஆய்வாளர் கேர்ன்ஸ் வந்த அன்று, சுவரிலிருந்த விக்டோரியா ராணியின் முகமே தெரியாத அளவுக்கு வகுப்பறை புகைந்தது. அடுத்த முறையும் இப்படியென்றால் பள்ளியை மூடிவிடுவேன் என்று இருமிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மூடினால் சின்னஞ்சிறுசுகள் பனியில் மலையேறி அடுத்த ஊருக்கல்லவா நடக்க வேண்டும்?

கணப்பில் எரிக்கும் பீட் கட்டிகளைத்தான் ஊர் குறை சொன்னது. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி. காலையில் ஆளுக்கொன்றாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். ஈரம் காயவில்லை என்றார்கள். ஆனால் அதே கட்டிகள் மற்ற நாட்களில் சமர்த்தாக எரிந்தன. புகைந்த நாட்களிலெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்து ஆட்டிறைச்சி வாசனை வந்ததைக் கிரிசெல் கவனித்தாள்.

பிறகு யோசித்தாள். நெருப்பும் மூச்சு விடும். புகை மேலே போக வேண்டுமென்றால் கீழே காற்று வந்தாக வேண்டும். ஆய்வாளர் வரும் நாளில் குருமனையில் விருந்து. அன்று சமையற்காரி எஃபி பெரிய அடுப்பை முழு மூச்சில் எரிப்பாள். ஜன்னல் வழியே காற்று வராததால் அந்த அடுப்பு நடுக்கதவின் இடுக்கு வழியே வகுப்பறைக் காற்றை உறிஞ்சும். வகுப்பறை ஜன்னல்களும் இறுக்கம். அங்கே காற்று வரத் திறந்திருக்கும் ஒரே வழி புகைபோக்கி! மேலே போக வேண்டிய புகையைக் கீழே தள்ளிக்கொண்டுதான் அந்தக் காற்று வரும். ஆய்வாளருக்கு எவ்வளவு நல்ல விருந்தோ, அவ்வளவு புகை.

ஆய்வுக்கு முதல் நாள் சமையலறைக்குப் போனாள்.

"எஃபியக்கா, நாளைக்கு மட்டும் அடுப்பை மூட்டாதீங்களேன்."

"ஏன், இன்ஸ்பெக்டருக்குப் பச்சைத் தண்ணியக் குடுத்து அனுப்பவா?"

"அப்ப பின்கதவையாவது திறந்து வைங்க."

"இந்தக் கடல் காத்துல நான் விறைச்சுச் சாகணுமா? போடி, போய் உன் பீட்டைக் காயவை!"

மறுநாள் கணக்குப் பாடம் முடிவதற்குள் கணப்பு புகைய ஆரம்பித்தது. கேர்ன்ஸ் கைக்குட்டையை எடுத்தார்.

"டீச்சர், நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க ஐயா. அடுத்தது, ஒரு பொருளைக் காட்டி நடத்துற பாடம்தானே? இன்னிக்குப் பொருள், இந்தப் புகைதான்."

நூலில் கட்டிய வாத்து இறகொன்றை ஒரு சிறுமியிடம் கொடுத்து நடுக்கதவின் அடியில் பிடிக்கச் சொன்னாள். இறகு கதவின் இடுக்கை நோக்கிப் பாய்ந்தது.

"காத்து எங்க போகுது?"

"எஃபி அத்தை அடுப்புக்கு!"

"எதுக்கு?"

"கறி திங்க!" வகுப்பே சிரித்தது.

கிரிசெல் சமையலறைக்குள் போய்ப் பின்கதவை அகலத் திறந்தாள். "அடியே, மூடுடி!" என்று எஃபி அலறினாள். வகுப்பறையில் இறகு அசையாமல் தொங்கியது. புகை தயங்கித் திரும்பி மேலே ஏறியது.

கேர்ன்ஸால் சும்மா இருக்க முடியவில்லை. தானே ஓடிப்போய்ப் பின்கதவை மூடினார். வந்து புகையைப் பார்த்தார். மறுபடி ஓடிப்போய்த் திறந்தார்.

எஃபி கரண்டியோடு வழிமறித்தாள். "ஐயா, ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க!"

"பள்ளிக்கூடம் நடக்கட்டும்," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "ஆனா இந்த அடுப்பு மூச்சு விட வெளிச்சுவத்துல ஒரு ஓட்டை போட்டாகணும்."

விருந்துக்கு அழைக்க வந்து நின்ற ஓகில்வியின் முகம் வெளுத்தது. "ஓட்டையா? இந்தச் சுவத்துலயா?" சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். "சரி. ஆனா மேல கூரா, கோயில் ஜன்னல் மாதிரி இருக்கணும். மேக்குப் பக்கமும் அதே மாதிரி ஒண்ணு வேணும். இல்லேன்னா கட்டடம் ஒத்தைக்கண்ணன் மாதிரி நிக்கும்."

"ரெண்டாவே போடுங்க ஐயா," என்றாள் கிரிசெல் அவசரமாக. "என் வகுப்பும் மூச்சு விடும்."

"அது வரைக்கும் பின்கதவு திறந்தே கிடக்கும், எல்லாரும் கோட்டு மாட்டிக்கிட்டே சாப்பிடுங்க," என்று எஃபி இறைச்சித் தட்டை மேசையில் 'ணங்' என்று வைத்தாள்.